சிதம்பரத்துத் திருநீறு

யோகேஸ்வரி நீட்டிய உள்ளங்கையில் திருநீற்றைப் போட்ட பிறகும் கனகசபாபதியின் விரல்கள் நிற்கவில்லை. பெருவிரலும் சுட்டுவிரலும் ஒன்றையொன்று தொட்டு, மெல்லத் திரும்பி, விலகி, மறுபடி தொட்டன. எதையோ கிள்ளிப் பிடித்து முறுக்கி விடுகிற அசைவு. அவர் செய்யவில்லை, கை மட்டும் செய்துகொண்டிருந்தது. பக்கத்து ஃப்ளாட் யோகேஸ்வரி கண்ணை மூடி நெற்றியில் பூசிக்கொண்டிருந்ததால் அதைக் காணவில்லை. அவர் கையை இழுத்து முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"சிதம்பரத்தில தரிசனம் நல்லாக் கிடைச்சுதோ அண்ணை? உங்கட பேர்க்காரரைப் பார்க்கப் போனனீங்கள், விடுவாரோ அவர்" என்று அவள் சிரித்தாள்.

"நல்லாக் கிடைச்சுது. கூட்டமும் இல்லை."

எங்கோ ஒரு சின்ன மோட்டார் ஓடி நின்றது. ஃப்ரிட்ஜாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு கதவைச் சாத்தினார். உள்ளே வந்து பார்த்தால், ஃப்ரிட்ஜைத் துடைப்பதற்காக அன்னபாக்கியம் அதன் வயரைக் கழற்றி மேலே சுருட்டி வைத்திருந்தாள்.

சிதம்பரமாவது, தரிசனமாவது. அந்தக் கோபுரத்தை மனுஷன் படத்தில்தான் பார்த்திருக்கிறார். அந்தத் திருநீறு சென்னையில் ஆஸ்பத்திரிக்கு எதிர்க்கடையில், பிளாஸ்டிக் வாளியோடும் பிஸ்கட் பக்கற்றோடும் சேர்த்து அன்னபாக்கியம் வாங்கியது. அதைச் சின்னச் சின்னக் காகிதப் பொட்டலமாக மடித்து, வெள்ளவத்தையில் தெரிந்த வீட்டுக்கெல்லாம் கோயில் பிரசாதம் என்று கொடுத்தாயிற்று. வாங்கியவர்கள் எல்லாரும் கண்ணில் ஒற்றிப் பூசினார்கள். ஒவ்வொரு நெற்றியையும் பார்க்கப் பார்க்க அவருக்குக் கூசியது.

என்ன செய்வது, நோய் வந்த இடம் அப்படி. மேல்மாடி மனிதர் பைபாஸ் செய்துவிட்டு வந்து, சேர்ட் பொத்தானைக் கழற்றி நெஞ்சுத் தழும்பை வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டினார். நெஞ்சில் வந்திருந்தால் கனகசபாபதியும் காட்டியிருப்பார். அவருக்கு வந்தது மலக்குடலில். அந்தச் சொல்லையே அவர் வாயால் சொன்னதில்லை. இரத்தம் போகத் தொடங்கி ஒரு வருஷம் வரை கட்டிய மனைவிக்கும் சொல்லவில்லை. அவள் ஒருநாள் தோய்க்கப் போட்ட துவாயைப் பார்த்துக் கண்டுபிடித்தபோது, திருடிப் பிடிபட்டவர் மாதிரிக் கட்டிலில் உட்கார்ந்து அழுதார்.

அதோடு மகள் சுபோதினிக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்த நேரம். குடும்பத்தில் கான்சர் என்று ஒரு சொல் வெளியே போனால் வந்த சம்பந்தம் வந்த வழியே போய்விடும் என்றாள் அன்னபாக்கியம். ஆகவே இருவரும் யாத்திரை போனார்கள். வங்கியில் வேலை செய்யும் சுபோதினியும் அதை நம்பினாள். "கவனமாய்ப் போட்டு வாங்கோ, எனக்காகவும் கும்பிடுங்கோ" என்று எயார்போர்ட்டில் வைத்து அவர் காலைத் தொட்டாள். அந்த இடத்தை நினைக்கும்போதெல்லாம் அவருடைய கால் இரண்டும் உள்ளே இழுத்துக்கொள்ளும்.

சென்னை டாக்டர் நல்ல மனிதர். ஆபரேஷனுக்கு முதல்நாள் தன் விரல்களைக் காற்றில் அசைத்துக் காட்டி விளங்கப்படுத்தினார். "இங்க என் விரல் அசைஞ்சா, உள்ள இருக்கிற கருவி அதே மாதிரி அசையும் சார். அது ரொம்ப இடுக்கான இடம். மனுஷன் கை சரியாப் போகாது, ரோபோ கை போகும். ஆனா மெஷின் தானா ஒண்ணும் பண்ணாது. நான் பெட்டிக்குள்ள முகத்தை வச்சுப் பார்த்துக்கிட்டே இருக்கணும். முகத்தை எடுத்தா கை எல்லாம் அந்த இடத்துலயே நின்னுடும். பயப்படாதீங்க." பெருவிரலையும் சுட்டுவிரலையும் தொட்டு, மெல்லத் திருப்பி, விலக்கினார்.

மறுநாள் தியேட்டரில் மயக்கம் வருவதற்கு முன் அவர் பார்த்தது இவ்வளவுதான். குளிர். புதுப் பிளாஸ்டிக்கின் வாடை. தலைக்கு மேல் கண்ணாடி மாதிரித் தெரிகிற உறை போட்ட நாலு கைகள், மடங்கி உயர்ந்து நின்றன. தூரத்து மூலையில் ஒரு பெரிய பெட்டிக்கு முன்னால் டாக்டர் உட்கார்ந்து, முகத்தை அதற்குள் புதைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். முதுகும் பின்தலையும் மட்டும் தெரிந்தன. நாலு கை. சிதம்பரம் என்று ஊருக்குச் சொல்லிவிட்டு வந்தோமே, கும்பிடவேண்டியவரை இப்படியா கண்டேன் என்று ஒரு நினைப்பு ஓடியது. வெட்கத்தில் கண்ணை மூடினார்.

ஆபரேஷனில் ஒரு குறையும் இல்லை. மலம் போக வயிற்றில் பை வைக்கத் தேவைப்படவில்லை, வயிற்றில் குறுக்கே சின்னச் சின்னக் காயங்கள் நாலு, கட்டியை வெளியே எடுத்த இடத்தில் ஒரு வெட்டு, அவ்வளவுதான். வீட்டுக்கு விடும்போது டாக்டர் இரண்டு விஷயம் சொன்னார். "மூணு மாசத்துல வந்து காட்டணும். நடுவுல ரத்தம் பட்டா அன்னைக்கே கிளம்பி வரணும். அப்புறம், பிள்ளைங்ககிட்ட கட்டாயம் சொல்லுங்க. உங்களுக்கு வந்திருக்கிறது குடும்ப வழியா வரக்கூடிய வகை. அவங்களுக்கும் பரிசோதனை பண்ணணும், சீக்கிரம் கண்டுபிடிச்சா ஒண்ணுமே இல்லை. உங்க அப்பாவுக்கு ஏதாவது இருந்துச்சா?"

தகப்பன் மூலவியாதியில் செத்தவர் என்றுதான் வீட்டில் சொல்வார்கள். கடைசி மாதங்களில் அறைக் கதவைச் சாத்தியே வைத்திருந்தார்கள். கனகசபாபதிக்கு அப்போதுதான் அது உறைத்தது. ஆனாலும் டாக்டரிடம், "இல்லை, அவர் நித்திரையிலேயே போனவர்" என்றார். ஏன் அப்படிச் சொன்னார் என்று அவருக்கே தெரியாது. தொப்புளுக்கு இடப்பக்கம், உள்ளே, எதையோ மெல்ல இழுத்து முடிச்சுப் போட்ட மாதிரி இருந்தது. தையல் இழுக்கிறது என்று நினைத்தார்.

வெள்ளவத்தைக்கு வந்த பிறகு அந்த இழுவை நிற்கவில்லை. அது எப்போது வருகிறது என்று கண்டுபிடிக்க அவருக்குச் சில கிழமை எடுத்தது. பின்னேரங்களில் கடற்கரைப் பக்கத்து ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, பார்க்க வருகிறவர்களோடு கதைத்தபடி உட்கார்ந்திருப்பார். கீழே ரயில் போகும்போது அலுமாரியில் கண்ணாடிக் கோப்பைகள் கிணுகிணுக்கும், லிஃப்ட் கதவு இழுபடும், தண்ணீர் மோட்டார் இரைந்து அடங்கும், உப்புக்காற்றில் துருப்பிடித்த கம்பி வாடையோடு யாரோ கருவாடு பொரிக்கிற வாசனையும் வரும். இந்தச் சத்தங்களுக்கெல்லாம் அடியில், மிக அருகில், அந்த இழுவையோடு சேர்ந்து நூல் மாதிரி மெல்லிய இன்னொரு மோட்டார் ஓடும். ம்ம்ம் என்று எழும்பி, நிற்கும். கீழே போய்த் தண்ணீர் மோட்டாரைப் பார்த்தார். வாட்சர் "மொகத மஹத்தயா?" என்று, என்ன ஐயா என்று, சிங்களத்தில் கேட்டான். லிஃப்டில் காதை வைத்துப் பார்த்தார். கடைசியில் ஒருநாள் கோயில் வாசலில் பழைய சிநேகிதர் ஒருவர் யாத்திரையைப் பற்றி விசாரித்தபோதுதான் பிடிபட்டது. கனகசபாபதி பொய் சொல்லத் தொடங்கியதும் அது ஓடியது. சொல்லி முடித்ததும் நின்றது. சத்தம் வந்தது வயிற்றுக்குள்ளிருந்து.

அவர் பொய் சொல்லத் தெரியாத ஆள். நாக்குத் தடுமாறும், காது சிவக்கும். இப்போது அப்படி இல்லை. சொற்கள் தாமாக வந்தன. தில்லையில் திரையை விலக்கியதையும், பொன் வில்வ மாலை தொங்கியதையும், அதற்குப் பின்னால் வெறும் வெளி இருந்ததையும் சொன்னார். அதையாவது எந்தச் சைவனும் சொல்லிவிடுவான். முன்னால் நின்ற பெண்ணின் பின்னலில் வாடியிருந்த கனகாம்பரத்தையும், காலடியில் ஈரமாயிருந்த கல்லில் சிந்திக் கிடந்த பாலையும், வௌவால் வாடையையும் சொன்னார். அந்த வாடை அவர் மூக்கிலும் இருந்தது. போகாத ஊரின் வாடை. சிநேகிதர் கண் கலங்கிக் கேட்டுக்கொண்டிருந்தார். கனகசபாபதி தன்னுடைய வாயைத் தானே வெளியில் நின்று பார்க்கிறவர் போல இருந்தார்.

சாமி அலுமாரிக்கு அன்னபாக்கியம் சென்னையில் வாங்கிய சிவப்புத் திரை போட்டிருந்தாள். நடைபாதையின் முடிவில், ஹோலைப் பார்த்தபடி நிற்கும் அலுமாரி அது. இப்போதெல்லாம் காற்றாடி ஓடாத நேரத்திலும் அந்தத் திரை சற்றே உள்ளே போய், வெளியே வந்தது. மூச்சு விடுகிற மாதிரி.

மாப்பிள்ளை வீட்டார் கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளிக்கிழமை வருவதாக இருந்த கிழமையில், ஒரு காலை, குளியலறையில், அவர் மறுபடி இரத்தத்தைக் கண்டார். கண்டவுடன் தண்ணீரைத் திறந்துவிட்டார். அது போன பிறகும் வெள்ளைப் பீங்கானைப் பார்த்துக்கொண்டே நின்றார். பயத்தை விட முதலில் வந்தது வெட்கம்தான். இந்த வயதில், இந்த உடம்போடு, இன்னும் ஒளிக்கிறேனே என்கிற வெட்கம்.

அன்னபாக்கியத்தை அறைக்குள் கூப்பிட்டுச் சொன்னார். அவள் கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"இஞ்சருங்கோ, வெள்ளிக்கிழமை அவையள் வந்திட்டுப் போகட்டும். நிச்சயம் முடிஞ்ச கையோட போவம்."

"என்னெண்டு சொல்லிப் போறது? டொக்டர் சொன்ன மூண்டு மாசத் தவணையும் தாண்டிப் போட்டுது."

"திருச்செந்தூர் எண்டு சொல்லுவம்."

"பிள்ளைக்குச் சொல்லச் சொன்னவர் அன்னம். அவளும் செக் பண்ண வேணும் எண்டவர். இது அவளின்ர உயிர்."

"அது எனக்குத் தெரியாதோ?" என்று அவள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். "இப்ப சொன்னால் அவள் அவையளுக்குச் சொல்லிப்போடுவள். அவளின்ர வாய் உங்களுக்குத் தெரியும். பிறகு ஆர் கட்டுவினம்? ஒரு கிழமை பொறுங்கோ."

அவர் பொறுக்கவில்லை. அன்று மாலையே பல்கனிக்குப் போனார். சுபோதினி கொடியிலிருந்து உடுப்புகளை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டிருந்தாள். கடலுக்கு மேல் வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது.

"பிள்ளை, உனக்கு ஒண்டு சொல்ல வேணும்."

"சொல்லுங்கோ அப்பா."

"எனக்கு…"

மோட்டார் எழும்பியது. இடப்பக்கத்திலிருந்து ஏதோ மேலே வந்தது. விலாவுக்கு அடியால், நெஞ்சுக்குள்ளால், அவசரமில்லாமல். தொண்டையில் குளிர்ந்த இரண்டு விரல் நுனிகள். சொல்ல வந்த சொல்லின் நுனியை அவை பக்குவமாகப் பிடித்தன. திருப்பின. முடிச்சுப் போட்டன. வாயெல்லாம் புதுப் பிளாஸ்டிக் வாடை.

"…பசிக்குது" என்றது அவருடைய வாய்.

"இதைச் சொல்லத்தான் இந்த முகமோ" என்று அவள் சிரித்துக்கொண்டு உள்ளே போனாள்.

அவர் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிப் பார்க்கப் பேனையை எடுத்தார். பெருவிரலும் சுட்டுவிரலும் பேனையைப் பிடித்து, மெல்லத் திருப்பி, கீழே விட்டன. திரும்ப எடுத்தார். திரும்ப விட்டன.

வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கிற நேரத்துக்கு அவர்கள் வந்தார்கள். மாப்பிள்ளை பிரதீஸ், அமைதியான பையன். தகப்பனார் அதிகம் கதைக்காதவர். தாயார் மெலிந்த பெண்மணி, வந்ததும் வராததுமாகச் சமையலறை வரை போய் அன்னபாக்கியத்தோடு சிரித்துக் கதைத்தாள். வடையும் தேத்தண்ணியும் வந்தன. கனகசபாபதியின் கதிரையில் மட்டும் அன்னபாக்கியம் அரக்கு நிறத் துண்டொன்றை விரித்திருந்தாள். இரத்தம் பட்டாலும் தெரியாத நிறம். அவர் அதில் உட்கார்ந்துகொண்டார். உட்கார்ந்த இடத்தில் ஈரம் பரவுவது தெரிந்தது. அசையாமல் இருந்தார்.

தேத்தண்ணி குடித்து முடிந்ததும் தாயார் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"குறை நினைக்காதையுங்கோ. கலியாணத்துக்கு முதல் உங்களுக்கு ஒண்டு சொல்ல வேணும், அதுக்குத்தான் நேரில வந்தனான். எனக்கு மார்பில கான்சர் வந்து எடுத்தது. இப்ப சுகம். சனம் மறைக்கச் சொன்னது. வாற பிள்ளை எங்கட வீட்டுப் பிள்ளை, அவளுக்குத் தெரியாமல் என்னெண்டு மறைக்கிறது? உங்களுக்கு மனமில்லாட்டி இப்பவே சொல்லுங்கோ, நாங்கள் கோவிக்க மாட்டம்."

சுபோதினிதான் முதலில் எழுந்து போய் அந்த அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்தாள். அன்னபாக்கியம் சுவரைப் பார்த்து நின்று அழுதாள். அழுது, கனகசபாபதியைத் திரும்பிப் பார்த்து, தலையை ஆட்டினாள். சொல்லுங்கோ என்று. இனி என்ன, சொல்லுங்கோ.

எவ்வளவு வெட்கம். மூன்று மாதத்துக்கு மேலாக ஊரெல்லாம் பூசிக்கொண்ட அந்தத் திருநீறு, இந்த அம்மாவின் ஒரு வார்த்தைக்கு முன்னால் எவ்வளவு அற்பமாகப் போய்விட்டது. கதவு திறந்து கிடந்தது. அவர் ஒரு வசனம் சொன்னால் போதும். அவருடைய உயிரும் மகளுடைய உயிரும் அந்த ஒரு வசனத்தில் இருந்தன.

"உங்கட பக்கத்தில ஏதும் அப்பிடி இருக்கோ அண்ணை? இருந்தாலும் எங்களுக்கு ஒரு பிரச்சினையும் இல்லை."

அவர் வாயைத் திறந்தார்.

மோட்டார் எழும்பியது.

"எங்கட பக்கத்தில ஒண்டும் இல்லை" என்றார். எவ்வளவு இனிமையான குரல். "என்ர தகப்பனார் நித்திரையிலேயே போனவர். எனக்கும் கடவுள் கிருபையில ஒரு குறையும் இல்லை. இப்பத்தான் சிதம்பரம் போட்டு வந்தனான்."

அன்னபாக்கியத்தின் கை வாயில் போய் நின்றது.

ரயில் போனது. கோப்பைகள் கிணுகிணுத்தன. அவருக்குக் கழுத்தைத் திருப்ப முடிந்தது, அவ்வளவுதான் முடிந்தது. நடைபாதையின் முடிவில் விளக்கு எரிந்தது. சாமி அலுமாரியின் சிவப்புத் திரை விலகியிருந்தது.

அதற்கு முன்னால் ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

வெள்ளை வேட்டி. வளைந்த முதுகு. முகம் அலுமாரிக்குள் புதைந்திருந்தது. பின்தலை மட்டும் தெரிந்தது. நடுவில் வழுக்கை. கனகசபாபதியின் வழுக்கை. அவருடைய தகப்பனுக்கும் அதே இடத்தில் அதே வழுக்கை. இரண்டு கைகளும் மடிக்கு மேலே, காற்றில். பெருவிரலும் சுட்டுவிரலும் தொட்டன. திரும்பின. விலகின.

கனகசபாபதியின் வலது கை எழுந்தது. பக்கத்து ஸ்டூலில் இருந்த திருநீற்றுத் தட்டுக்குப் போனது.

முகத்தை எடு, என்று கெஞ்சினார். வாய் சிரித்துக்கொண்டிருந்தது, உள்ளே கெஞ்சினார். முகத்தை எடுத்தால் கை நின்றுவிடும் என்று டாக்டர் சொன்னவர். எடு. உன்னைக் கும்பிட்டேன், எடு.

மோட்டார் நின்றது.

அங்கே உட்கார்ந்திருந்தது மெல்ல முகத்தை எடுத்தது. இவர் பக்கம் திரும்பியது.

முகம் இல்லை. காது இரண்டுக்கும் நடுவில் ஒன்றுமில்லை. திரை விலக்கிய இடம். வெறும் வெளி.

கைகள் நிற்கவில்லை.

அவருடைய விரல்கள் திருநீற்றைக் கிள்ளின. "வா பிள்ளை" என்றது வாய். சுபோதினி வந்து குனிந்தாள். எயார்போர்ட்டில் குனிந்த அதே மாதிரி. விரல்கள் அவள் நெற்றியில் பூசின. பூசி, அங்கேயே, தோலின் மேல், மெல்லத் திரும்பின. ஒரு முடிச்சு.

சுபோதினி நிமிர்ந்தாள். புருவம் சுருங்கியது. கையைக் கொண்டுபோய் வயிற்றில் வைத்தாள். தொப்புளுக்கு இடப்பக்கம்.

"என்ன பிள்ளை?" என்றாள் மாப்பிள்ளையின் தாயார்.

எங்கோ ஒரு சின்ன மோட்டார் ஓடத் தொடங்கியது. இந்த முறை அவருக்குள்ளிருந்து அல்ல.

"ஒண்டுமில்லை மாமி" என்றாள் சுபோதினி, எல்லாரையும் பார்த்து, மிக இனிமையாக. பக்கத்தில் தொங்கிய அவளுடைய மற்றக் கையின் பெருவிரலும் சுட்டுவிரலும் ஒன்றையொன்று தொட்டு, மெல்லத் திரும்பி, விலகின.